உள்ளே பிளேட், வெளியே அரிப்பு: கேட்டதும் சொன்னதும்

தோல் டாக்டர் நான். எலும்பு டாக்டர்கள் "இது மெட்டல் அலர்ஜியா பாருங்க" என்று அனுப்புகிறவர்களுக்கு பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் அலர்ஜி சோதனை) செய்வதும் என் வேலைதான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி நாலு மாசம். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து அரிக்கிறது. மூட்டு ஒத்துக்கொள்ளவில்லையா?

அந்த இடம் தொட்டால் மரத்த மாதிரி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். முழங்காலுக்கு முன்னால் கீறும்போது தோலுக்கு உணர்வு தரும் சின்ன நரம்புக்கிளை அறுபடுவது சகஜம், அதனால் தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்துப்போய், வறண்டு, சில பேருக்கு எக்ஸிமா (அரிக்கும் தோல் அழற்சி) வருகிறது. பாவம், பழி மட்டும் மூட்டு மேல் விழுகிறது. பெரும்பாலும் டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பும் மாய்ஸ்சரைசருமே போதும். ஆனால் மூட்டு வீங்கிச் சுடுகிறது, நீர் வடிகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் அலர்ஜி பேச்சை விட்டுவிட்டு அன்றே ஆபரேஷன் செய்தவரிடம் போங்கள். அது கிருமித்தொற்றா என்று ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் பார்த்து, தேவைப்பட்டால் மூட்டு நீரையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

தையல் போட்ட இடத்தைச் சுற்றிச் சரியாகச் சதுரமாகக் கொப்புளம்?

பிளாஸ்டர் பசை. உள்ளே இருக்கும் உலோகம் சதுரம் போடாது.

கவரிங் கம்மல் போட்டாலே காது புண்ணாகிவிடும். கால் எலும்பு முறிவுக்கு பிளேட் வைக்கப் போகிறார்கள், பயமாக இருக்கிறது.

காதில் வேலை காட்டுவது நிக்கல். பிளேட் செய்யும் 316எல் ஸ்டீலில் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேலேயே இருக்கிறது. அதற்காகக் காது புண்ணாகிறவர்களுக்கெல்லாம் பிளேட் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை, பெரும்பாலானவர்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறார்கள். ஆனாலும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், டைட்டானியம் பிளேட் வைக்கலாம், கொஞ்சம் விலை கூடும். மூட்டு மாற்று என்றால் கதை வேறு, அதில் பெரும்பாலும் கோபால்ட் குரோம். நிக்கல் சொற்பம்தான், ஆனால் கோபால்ட்டும் குரோமியமுமே சிலருக்கு ஆகாது.

ரத்தத்தில் ஐ.ஜி.இ. (அலர்ஜிக்குப் பார்க்கும் ஆன்டிபாடி) கூடுதல். அதனால் மெட்டல் அலர்ஜியா?

இல்லை. இது தாமதமாக வரும் வகை, டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் செய்யும் வேலை, ஐ.ஜி.இ.க்குச் சம்பந்தமே கிடையாது. பேட்ச் டெஸ்ட்தான் பார்க்க வேண்டும். முதுகில் வரிசையாகக் குட்டிக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் வாசலினில் குழைத்த நிக்கல், கோபால்ட், குரோமியம் உப்பு. மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் எலும்பு சிமெண்டில் சேரும் ஜென்டாமைசின் (ஆன்டிபயாடிக்), பென்சாயில் பெராக்சைடும் கூடவே ஒட்டச் சொல்லுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். 2 நாள் முதுகு நனையக்கூடாது (சித்திரை வெயிலில் வேர்வையிலேயே கழன்றுவிடும், முடிந்தால் மார்கழியில் வாருங்கள்). எடுத்ததும் ஒரு தடவை, 4-ஆம் நாள் ஒரு தடவை, உலோகத்துக்கு 7-ஆம் நாளும் பார்ப்பது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள், ரிசல்ட் மழுங்கிவிடும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று, டெஸ்ட் பாசிட்டிவ் என்பதாலேயே அரிப்புக்குக் காரணம் உள்ளே இருக்கும் உலோகம்தான் என்று ஆகிவிடாது.

கணுக்கால் பிளேட்டுக்கு நேர் மேலேயே எக்ஸிமா, டெஸ்டிலும் நிக்கல் பாசிட்டிவ். கழற்றிவிடலாமா?

எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரேயில் தெரிந்தால் தாராளமாகக் கழற்றலாம், அப்புறம் சில வாரங்களில் தோல் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கூடவில்லை என்றால் அதுவரை களிம்பு. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள், பிளேட்டின் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருந்தால் ஸ்டீலா டைட்டானியமா என்று அங்கேயே தெரிந்துவிடும். டைட்டானியம் என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.