வாசகர் கேள்வி பதில்: ஆசீர்வாதப்பரும் அந்தோனியாரும்

கேள்வி: என் மகன் கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரியில் படிக்கிறான். என் மாமியாரோ அதனை 'ஆசீர்வாதப்பர் பள்ளிக்கூடம்' என்றே சொல்கிறார். இவர்கள் இருவேறு புனிதர்களா?
– வாசகி, கொழும்பு 13

பதில்: ஒருவரேதான். 'பெனெதிக்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'ஆசீர்வதிக்கப்பட்டவர்' என்று பொருள். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசினோவில் மடம் அமைத்த அந்தத் துறவியின் பெயரைத்தான், 1865இல் தொடங்கிய உங்கள் மகனின் கல்லூரி தாங்கி நிற்கிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் புனிதர் பலரின் பெயர்களை ஒலியைக் கொண்டு எழுதாமல் பொருளைக் கொண்டு ஆக்கிக்கொண்டார்கள். 'பவுலுஸ்' என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயரில் இறைவனின் அருள் இருப்பதால் அருளப்பர். 'ஸ்தேபானோஸ்' என்றால் மணிமுடி, ஆகவே முடியப்பர். கல்லெறிபட்டு உயிர்நீத்த முதல் மறைசாட்சிக்கு முடியப்பர் என்ற பெயரைவிடப் பொருத்தமான ஒன்று வாய்க்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எல்லாப் பெயர்களும் இவ்வாறு அமைந்தவை அல்ல. 1896இல் தொடங்கிய மருதானைக் கல்லூரியின் பாதுகாவலரான சூசையப்பர் (யோசேப்பு), ஒலிவழி வந்த பெயருடன் 'அப்பர்' சேர்ந்தவர். 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தபின் சின்னப்பர் பவுலாகவும் அருளப்பர் யோவானாகவும் வாசிக்கப்படலாயினர்; சீர்திருத்தத் திருச்சபையினர் முன்பிருந்தே அவ்வாறுதான் வழங்கிவந்தனர் என்பதால், மிலாகிரிய புனித பவுல் ஆலயத்தைச் சின்னப்பர் கோவில் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. படிவங்களில் கல்லூரி வழங்கும் பெயரையே எழுதுங்கள். மாமியாரைத் திருத்த வேண்டியதில்லை.

கேள்வி: கொச்சிக்கடை அந்தோனியாருக்கு யூன் 13இல் திருவிழா. சில ஊர்களில் சனவரி 17இல் அந்தோனியார் திருவிழா கொண்டாடுகிறார்களே, ஏன்?
– வாசகர், வத்தளை

பதில்: அவர் வேறொருவர். சனவரிக்குரியவர் எகிப்தின் பாலைநிலத்தில் தவம் செய்து 356இல் இறந்த வனத்து அந்தோனியார். செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடையில் சைவர், பௌத்தர் என்ற வேறுபாடின்றி மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பவர்கள் தேடி வருவது, 1195இல் லிஸ்பனில் பிறந்து 1231 யூன் 13இல் பதுவை நகரருகே மறைந்த, 'கோடி அற்புதர்' எனப்படும் பதுவை அந்தோனியாரை. சுரூபத்தைப் பார்த்தே பிரித்தறியலாம்: கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருந்தால் பதுவையார், நீண்ட தாடியும் ஊன்றுகோலும் காலடியில் பன்றியும் இருந்தால் வனத்தார்.

இருவருக்கும் ஒரே பெயர் வந்தது தற்செயலன்று. பதுவையாரின் இயற்பெயர் பெர்னாந்து. போர்த்துக்கலின் கொயிம்பிரா நகரில் அவர் சென்று சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையினரின் சிற்றாலயம் வனத்து அந்தோனியாருக்கு அர்ப்பணிக்கப்பட்டிருந்தது. துறவாடை அணிந்தபோது அந்த ஆலயப் பாதுகாவலரின் பெயரையே அவர் தமக்குச் சூடிக்கொண்டார்.