காற்றாடி வேண்டாம், கீழ்ச்சுவரைப் பாருங்கள்

கேள்வி: நீலகிரியில் கேத்தி பக்கம் பள்ளத்தில் 60 சென்ட் தேயிலை. கீழ் ஓரத்தில் சுற்றுச்சுவர் கட்டியதிலிருந்து இரண்டு ஜனவரியாக உறைபனியில் செடி கருகுகிறது. மேட்டிலுள்ள அண்ணன் தோட்டத்துக்கு ஒன்றுமில்லை. 12 அடிக் கம்பத்தில் விசிறிபோல் சுழலும் காற்றாடி வைத்தால் பனி விழாது என்கிறார் ஒரு ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உறைபனி மேலிருந்து விழுவதே இல்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. கனமானது கீழே, லேசானது மேலே என்பதால் அந்த அடுக்கு லேசில் குலையாது. கீழ்க்காற்றைக் கொஞ்சம் மேலே தள்ளினாலும் திரும்ப இறங்கிவிடும்.

எவ்வளவு தள்ளினால் குலையும் என்பதற்கு 1961-ல் மைல்ஸ், ஹோவர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வரம்பைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதன் நுணுக்கம் உங்களுக்கு வேண்டாம். 10 மீட்டர் உயரத்தில் தரையைவிட 4 டிகிரி சூடு இருக்கிறது என்று வையுங்கள். அந்த 10 மீட்டருக்குள் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் எட்டரை கிலோமீட்டராவது கூடினாலொழிய அடுக்கு தானாகக் கலையாது.

12 அடிக் காற்றாடி குளிர் தேங்கிய குளத்துக்குள்ளேயே நின்று குளிரைத்தான் கிளறும். மேலேயுள்ள சூட்டை இறக்க 10 மீட்டர் கோபுரமும் பெரிய இன்ஜினும் வேண்டும். அது பத்து ஏக்கர் சுமாருக்கானது. அதிலும் மேலுக்கும் கீழுக்குமுள்ள வித்தியாசத்தில் பாதி கிடைத்தால் பெரிது. ஏஜென்ட் மறுபடி வந்தால், குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதியும் இரண்டு தெர்மாமீட்டர் கேளுங்கள். ஒன்றை ஐந்தடியிலும் மற்றதை மூங்கிலில் 33 அடியிலும் கட்டி, வானம் தெரியாதபடி மேலே ஒரு தட்டு மூடி, தெளிந்த இரவாக ஐந்து நாள் பாருங்கள். வித்தியாசம் ஒன்றரை டிகிரிகூட இல்லையென்றால் எந்தக் காற்றாடியும் வீண். இந்தச் சோதனைக்கு எந்த ஏஜென்டும் நிற்கமாட்டார்.

உங்கள் வில்லன் சுவர். காற்றில்லாத இரவு ஏழு மணிக்குமேல் ஓர் ஊதுபத்தியை முழங்கால் உயரத்தில் பிடித்து, புகை போகும் வழியிலேயே நடந்து பாருங்கள். சுவரில் எந்த மூலையில் முட்டுகிறதோ அங்கே தரைமட்டத்திலிருந்து அகலமாக உடைத்துவிடுங்கள். மழைநீர் ஓட்டை அளவுக்குக் குழாய் பதித்தால் போதாது.

ஒன்று மட்டும் கவனம்: மேல் ஓரத்தில் வேலி இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். தடுப்பு என்றாலே கெடுதல் என்று நினைத்து இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுபவர்கள் உண்டு. கீழேயுள்ள தடுப்பு குளிரைத் தேக்குகிறது. மேலேயுள்ளது அண்ணன் தோட்டத்திலிருந்து வழியும் குளிரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அடர்த்தியான புதராக, அடி வரைக்கும் இலையோடு இருக்க வேண்டும். அடியில் மொட்டையாக நிற்கும் மரவரிசை உதவாது, குளிர் அதன் காலடியில் நுழைந்துவிடும்.

குப்பை கொளுத்திப் புகை போடுவதும் வேண்டாம். தரை விடும் சூட்டைத் தடுக்க அந்தப் புகைத்துகள்கள் மிகச் சிறியவை.

செடிமேல் தண்ணீர் தெளித்து, அது உறையும்போது விடும் சூட்டில் செடியைக் காப்பது ஸ்பிரிங்ளர். அதை விற்பவர் சொல்லாத கணக்கு ஒன்று: ஒரு கிராம் தண்ணீர் உறைந்தால் 80 கலோரி தரும், ஆவியானால் 600 கலோரி பிடுங்கும். தெளிப்பது நின்றால் ஆவியாவதுதான் மிஞ்சி, செடி இன்னும் குளிரும். அதனால் தொடங்கினால் விடிந்து பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக்கூடாது. 60 சென்ட்டுக்கு மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்றால் 6,000 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 48,000. நடுராத்திரியில் டேங்க் காலியானால் தெளிக்காமல் விட்டதைவிட மோசம். அவ்வளவு தண்ணீர் இல்லாதவர்கள் சாயங்காலமே காய்ந்த புல்லோ தாகை என்ற காட்டுச்செடியோ போட்டுச் செடியை மூடட்டும்.

இழப்பீடு கேட்டுப் போனால் "அன்றைக்கு 3 டிகிரி, உறைபனி எப்படி வரும்?" என்பார்கள் அதிகாரிகள். வானிலை நிலையத்தில் அளப்பது நிழற்பெட்டிக்குள், நாலடிக்குமேல். செடி இருப்பது வெட்டவெளியில், அதற்கும் கீழே. பெட்டியில் 3 டிகிரி காட்டும்போதே இலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம். இதை விளங்கவைக்க இன்னும் எத்தனை மனு எழுதுவதோ! செடியைக் கவாத்து வெட்டும் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி, விடியற்காலையில் தேதியோடு படமெடுத்து வையுங்கள். மனுவோடு அதையும் இணையுங்கள்.