கொலைகாரனைக் காட்டாத படம் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

தங்கை மகனின் தொல்லை தாங்காமல் கொரியப் படங்கள் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். முதலில் அவன் காட்டியது 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'. உலகமே கொண்டாடுகிறதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தொடர்கொலை நடக்கிறது, போலீஸ்காரர்களோ கோமாளிகள்போல நடந்துகொள்கிறார்கள். மனவளர்ச்சி குன்றிய ஓர் இளைஞனை அடித்து உதைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதெல்லாம் மிகை. கடைசியில் கொலைகாரன் யார் என்றே சொல்லாமல் படத்தை முடித்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு இப்படிச் செய்வது ஏமாற்று இல்லையா? அந்த நாட்டின் வரலாறு தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் படங்களில் என்ன இருக்கிறது? ஆஸ்கர் கிடைத்ததால் வந்த மோகம்தானா இது? ஆனால் ஒன்று, படத்தை மறக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரி இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். ஊர் மெச்சுகிறது என்பதற்காகத் தலையாட்டாமல் எரிச்சல்பட்டீர்களே, அதுவும் நல்லதுதான். (படம் பார்க்காத வாசகர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது.)

முதலில் அந்தக் கோமாளித்தனம். வயல்வெளியில் பிணம் கிடக்கும் அந்த நீண்ட காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் போகும். மண்பாதையில் ஒரு காலடித் தடம். கிடைத்திருக்கும் ஒரே தடயம். துப்பறியும் அதிகாரி பார்க் டூ-மான் அதைக் காப்பாற்றக் கத்திக்கொண்டிருக்கிறார். சிறுவர்கள் குறுக்கே ஓடுகிறார்கள், மேலதிகாரி சரிவில் வழுக்கி விழுகிறார், ஒரு டிராக்டர் வந்து தடத்தின் மேலேயே ஏறிப் போய்விடுகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. சில அடி தள்ளி ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். இயக்குநர் போங் ஜூன்-ஹோ இரண்டையும் பிரித்துக் காட்ட மறுக்கிறார்.

இதைவிட எனக்கு முக்கியமான காட்சி, நீங்கள் மிகை என்று சொன்ன விசாரணை. அந்த முரட்டு அதிகாரி உதைப்பதற்கு முன்பு பூட்ஸின்மேல் துணி உறையை மாட்டிக்கொள்கிறானே, கவனித்தீர்களா? உடம்பில் அடையாளம் விழக்கூடாது. பழகிய கை. கொஞ்ச நேரம் கழித்து, அடித்தவர்களும் அடிவாங்கியவனும் ஒரே மேசையில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டபடி தொலைக்காட்சியில் போலீஸ் தொடர் பார்க்கிறார்கள்! பையன் அத்தனை சந்தோஷமாகச் சாப்பிடுகிறான். அவனுக்கு அவர்கள்மேல் கோபமே இல்லை. வேறொரு இயக்குநர் என்றால் அங்கே சோக இசை போட்டு, பையனை ஒரு மூலையில் சுருண்டு படுக்க வைத்திருப்பார், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லவர்களாக எழுந்து போயிருப்போம். இங்கே அந்த வசதி இல்லை. சித்திரவதை என்பது அந்த ஊரில் அன்றாட அலுவல், நடுவில் சாப்பாட்டு இடைவேளையும் உண்டு என்பது ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது.

அழுகையும் சிரிப்பும் ஒரே படத்தில் வருவது தமிழ் ரசிகருக்குப் பழக்கம்தான். ஆனால் நம்மிடம் நகைச்சுவைக்குத் தனி ஆள், தனி டிராக். கதாநாயகன் அழும்போது அவர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். போங்கின் படங்களில் ஒதுங்க இடம் இருப்பதில்லை. 'தி ஹோஸ்ட்' (2006) படத்தில், ஹான் நதியிலிருந்து வந்த பிராணி சிறுமியைத் தூக்கிப் போன பிறகு, பொது அஞ்சலிக் கூடத்தில் அவள் குடும்பமே தரையில் விழுந்து புரண்டு கதறுகிறது. கதறல் ஒரு கட்டத்தில் பார்க்கவே அபத்தமாகிவிடுகிறது, புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். மஞ்சள் பாதுகாப்பு உடையில் மிடுக்காக உள்ளே வரும் அதிகாரி வழுக்கி விழுகிறார். எழவு வீட்டில் பந்தல்காரரிடம் கூலிக்காகச் சண்டை போடும் மாமாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். திரையில் அவரைப் பார்ப்பதுதான் அபூர்வம்.

ஆக, நீங்கள் எரிச்சல்பட்ட இடத்தில்தான் படத்தின் பலமே இருக்கிறது என்பது என் கட்சி.

மிகை என்ற குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை, நீதிமன்றமே சொல்லிவிட்டது. படத்துக்கு அடிப்படை, சியோலுக்குத் தெற்கே ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை பத்துப் பேர் கொல்லப்பட்ட வழக்குகள். அவற்றில் எட்டாவது கொலைக்காக ஓர் உடல் ஊனமுற்ற இளைஞரைப் பிடித்து, சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையில் வைத்தார்கள். 2019இல் டிஎன்ஏ பரிசோதனை உண்மையான கொலைகாரனைக் காட்டிக்கொடுத்தது. மனைவியின் தங்கையைக் கொன்ற வழக்கில் 1994 முதலே சிறையில் இருந்தவன் அவன். எட்டாவது கொலையையும் அவனே ஒப்புக்கொண்டான். 2020 டிசம்பரில், மறுவிசாரணைக்குப் பிறகு, அவர் நிரபராதி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படம் வந்தது 2003இல். பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு தீர்ப்பு அதன் பக்கம் வந்து நின்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். படத்தில் ஓர் இரவு, கொலை நடக்கப் போகிறது என்று தெரிந்து அதிகாரிகள் கூடுதல் படை கேட்கிறார்கள், கிடைப்பதில்லை. எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள். அது சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சிக்காலம். மாணவர்களை அடிக்க ஆள் இருக்கிறது, வயல் வழியே தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்குக் காவல் இருக்க ஆள் இல்லை. போர்ப் பயிற்சிக்காகச் சங்கு ஊதி ஊர் முழுக்க விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள், கொலைகாரனுக்குத் தேவையான இருட்டை அரசாங்கமே போட்டுக்கொடுக்கிறது. போங் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல் என்று பின்னால் அறிந்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

கொலைகாரனை ஏன் காட்டவில்லை என்கிறீர்கள். 2003இல் அந்தப் பதில் யாரிடமும் இல்லை. ஒருவனைக் கற்பித்து நம்மிடம் ஒப்படைத்திருந்தால்தான் ஏமாற்று. கடைசியில் டூ-மான், இப்போது போலீஸ் வேலையை விட்டு வியாபாரம் செய்பவர், முதல் பிணம் கிடந்த வாய்க்காலை மறுபடி வந்து எட்டிப் பார்க்கிறார். சில நாள் முன்பு இன்னொருவரும் இப்படி எட்டிப் பார்த்தார் என்கிறாள் ஒரு சிறுமி. ஆள் எப்படி இருந்தான்? சாதாரணமாக இருந்தான். டூ-மானாக நடித்த சோங் காங்-ஹோ திரும்பி நேராக நம்மைப் பார்க்கிறார். கொலைகாரன் என்றாவது இந்தப் படத்தைப் பார்ப்பான், அப்போது அவன் கண்ணை இந்தக் கண் சந்திக்கட்டும் என்று நினைத்துத்தான் போங் அதை எடுத்தார். அவன் பார்க்கவும் செய்தான், சிறையில். தனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வெறும் படமாகத்தான் பார்த்தேன் என்று 2020இல் நீதிமன்றத்தில் சொன்னான்.

வரலாறு தெரியாமல் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. நானும் சுன் டூ-ஹ்வான் யார் என்று தெரிந்துகொண்டு உட்காரவில்லை. அந்தச் சங்கு ஏன் ஊதுகிறது என்ற கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

ஆஸ்கர் மோகம்? கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. போங்கின் 'பாரசைட்' ஆஸ்கர் வாங்கிய 2020க்குப் பிறகு கொரியா என்ற முத்திரை இருந்தால் எதையும் பார்க்கிறோம். நமக்கு வந்து சேர்வது சலித்தெடுத்த பத்துப் படங்கள், அங்கேயும் குப்பைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேர் ஆஸ்கருக்கு மிகவும் முந்தியது. படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பூசான் திரைப்பட விழா தொடங்கியதும் அதே ஆண்டு. ராணுவ ஆட்சியில் மாணவர்களாக இருந்தவர்கள் கையில் கேமரா வந்த காலம் அது. சுத்தியலும் கத்தியுமாக வரும் பழிவாங்கும் படங்களை உங்கள் மருமகன் அடுத்துக் காட்டக்கூடும். அவற்றில் ஒன்றிரண்டு நல்லவை, மற்றவை எனக்கு அலுத்துவிட்டன. தமிழ் சினிமா கொரியாவிடமிருந்து எடுத்துக்கொண்டதும் பெரும்பாலும் அந்த ரத்தத்தைத்தான்.

நீங்கள் லீ சாங்-டோங்கிடம் போங்கள். நாவலாசிரியராக இருந்து இயக்குநரானவர், நாட்டின் கலாசார அமைச்சராகவும் இருந்தவர். அவருடைய 'பொயட்ரி' (2010) படத்தில், வகுப்புத் தோழி ஒருத்தியின் தற்கொலைக்குக் காரணமான சிறுவர்களின் தந்தையர் ஓர் உணவகத்தில் கூடிப் பேசுகிறார்கள். இறந்த பெண்ணின் தாய்க்கு மூன்று கோடி வோன் கொடுத்து விஷயத்தை முடித்துவிடலாம், தலைக்கு ஐம்பது லட்சம். மேசையில் பீர் வருகிறது. அந்தச் சிறுவர்களில் ஒருவனின் பாட்டி மட்டும் எழுந்து வெளியே போய், கோழிக்கொண்டைப் பூவைப் பார்த்துத் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதுகிறாள். கவிதை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். உள்ளே தந்தையர் கண்ணாடி வழியாக அவளை வேடிக்கை பார்க்கிறார்கள்.

டப்பிங்கில் கிடைத்தால் வேண்டாம், சப்டைட்டிலோடு பாருங்கள். அந்தப் பாட்டியின் குரலை இழந்தால் பாதிப் படம் போய்விடும். மருமகனுக்குப் பொறுமை இருக்காது, அவன் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.