பழைய போலராய்டில் 4×5 ஷீட் ஃபிலிம் போட முடியுமா?

தாத்தாவின் போலராய்ட் 110ஏ கேமரா கைக்கு வந்திருக்கிறது, அதற்கு ஃபிலிம் கிடைப்பதில்லை, பின்பக்கத்தை அறுத்துவிட்டு 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம், நானும் ஒன்றை மாற்றித்தான் வைத்திருக்கிறேன். ரம்பம், அரம் எல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கம் உண்டு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பழைய கேமராவை அறுப்பது பாவம் என்று சொல்ல யாராவது வருவார்கள். அதற்கான சுருள் ஃபிலிம் 1992-லேயே நின்றுவிட்டது. என் 110ஏ-வில் இருப்பது ரோடன்ஸ்டாக் இசாரெக்ஸ், 127 மி.மீ., எஃப் 4.7. அப்படி ஒரு லென்ஸை அலமாரியில் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பேசாமல் 4×5 ஃபிலிமுக்கென்றே செய்த ஒரு பிரஸ் கேமரா வாங்கியிருக்கலாமே என்பார்கள். வாங்கலாம், தப்பில்லை. எனக்கு இந்தக் கேமரா பிடித்திருந்தது.

அறுப்பதைவிட அளப்பதுதான் கஷ்டம். நான் சறுக்கியதும் அங்கேதான். பழைய ஃபிலிம் எந்தத் தளத்தில் படிந்து நின்றதோ, புது ஃபிலிமும் அதே தளத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு பிம்பத்தை ஒன்று சேர்த்து ஃபோகஸ் பார்க்கும் கருவி) காட்டுவது உண்மையாக இருக்கும். மூன்று வாரம் அரத்தால் தேய்த்து, ஷீட்டைப் பிடித்து வைக்கும் ஹோல்டரின் முகம் சரியாக அந்தத் தளத்தில் உட்காரும்படி செய்தேன். ஆனால் 4×5 ஹோல்டரில் ஃபிலிம் முகத்தோடு ஒட்டி இருப்பதில்லை, சுமார் 5 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கிறது. அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர்தான் இருக்கிறதே என்று, பிம்பத்தை நேரில் பார்க்க உதவும் சொரசொரப்பான கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸையும் கழற்றி வைத்துவிட்டேன்.

முதல் 6 ஷீட்டும் தூரத்து மரங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பமும் அழகாக ஒன்று சேர்ந்தன. கழுவிப் பார்த்தால் மரமெல்லாம் கலங்கல். அருகே குறுக்கே போன கொடிக்கயிறு மட்டும் நார் நாராகத் தெரிந்தது. லென்ஸில்தான் கோளாறு என்று இரண்டு நாள் தூக்கம் போனது. அப்புறம், ஃபிலிம் 5 மி.மீ. பின்னால் போனால் ஃபோகஸ் எவ்வளவு தூரத்தில் விழும் என்று கணக்குப் போட்டேன். 127-ஐ 127-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3,200 மி.மீ. கொடிக்கயிறு நின்ற தூரம் அதுவேதான்!

ஹோல்டர் உட்காரும் சட்டத்தைக் கழற்றி இன்னும் 5 மி.மீ. தேய்த்தேன். இந்த முறை லென்ஸை முழுதாகத் திறந்துவைத்து, கிரவுண்ட் கிளாஸில் லூப் (சிறு பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்து, தூரத்து மரம் கூர்மையாக வந்த பிறகே பசை போட்டேன். நீங்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள். கிளாஸின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்கட்டும்.

மூலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த லென்ஸ் 3.25×4.25 அங்குலப் படத்துக்காகச் செய்தது. 4×5-இல் மூலைகள் கொஞ்சம் கூர்மை குறைந்துதான் வரும். லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்கினால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. போதாது என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இதற்காக வரவழைத்த 25 ஷீட் பெட்டியை வழியில் யாரோ சோதனை என்று திறந்துவிட்டார்கள். இருட்டில் மட்டும் திறக்கவும் என்று பெட்டி மேலேயே பெரிதாக அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்த கறுப்பு உறையையும் கிழித்து, திரும்ப நாடா ஒட்டி அனுப்பியிருந்தார்கள். புகார் எழுதினேன், பெட்டி சேதமில்லாமல் வந்து சேர்ந்திருப்பதாகப் பதில் வந்தது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒளிபட்ட அந்த 25 ஷீட்டையும் இன்னும் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஹோல்டரில் ஷீட் போட்டுப் பழகியது அவற்றை வைத்துத்தான்.