கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம்: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தவள். நீட்டில் இடம் கிடைக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன் என்கிறாள். முடியுமா?
ஒரு தந்தை, நீடாமங்கலம்

கணிதம் இல்லாததால் பொறியியல் கலந்தாய்வு வழியாக பி.இ.க்குப் போக முடியாது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கணிதம் கேட்பதே வழக்கம். கணினி அறிவியலோ வணிகக் கணிதமோ இருந்தால் போதும் என்று சில கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் மகளிடம் அவையும் இல்லை. மிஞ்சுவது கணினிப் பயன்பாட்டுப் பட்டமான பி.சி.ஏ. பல கல்லூரிகள் எந்த குரூப் படித்தவர்களையும் இதில் சேர்க்கின்றன.

ஆனால் பி.சி.ஏ. என்ற பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடாதீர்கள். கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, 'அலைடு' (துணைப்பாடம்) என்று போட்டிருக்கும் தாள்களைப் பாருங்கள். சில இடங்களில் அங்கே கணக்குப்பதிவியல் இருக்கும், சில இடங்களில் கணிதமோ புள்ளியியலோ இருக்கும். கணிதம் உள்ள கல்லூரியையே எடுங்கள். மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்லூரியான திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.சி.ஏ. என்ற முதுநிலைப் படிப்பில் சேர எழுதும் நிம்செட் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

கல்லூரி திறக்கும் முன் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் மூன்று பாடங்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்: கணங்கள் தொடர்புகள் சார்புகள், சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும், அணிகளும் அணிக்கோவைகளும். முதல் வருஷத்தில் கணிதம் படிக்காதவர்கள் தடுக்கி விழுவது இந்த மூன்றில்தான். வகைநுண்கணிதத்தை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம்.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸில் 98 எடுத்திருக்கிறேன். பி.இ. சேர இது எவ்வளவு உதவும்?
மாணவர், பாபநாசம்

பி.இ. கட்-ஆஃபில் அந்த 98க்குக் கணக்கே இல்லை. கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, ஆக மொத்தம் 200. உங்கள் வகுப்பில் இருவர் இந்த மூன்று பாடத்திலும் சேர்த்து 235 எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கணிதம் 95, இயற்பியல் 70, வேதியியல் 70. அவருக்கு 95 + 35 + 35 = 165. மற்றவர் கணிதம் 75, இயற்பியல் 80, வேதியியல் 80. அவருக்கு 75 + 40 + 40 = 155. மொத்தம் ஒன்றுதான், தரவரிசையில் பத்து மார்க் இடைவெளி. கம்ப்யூட்டர் பிரிவுக்கு இருக்கும் போட்டியில் பத்து மார்க் என்பது ஊரே மாறிப்போகிற தூரம்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கதை வேறு. அங்கே மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களையும் கூட்டி 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். உங்கள் 98 முழுதாக அங்கே வேலை செய்யும். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியும் தஞ்சை சரபோஜி கல்லூரியும் உங்களுக்குப் பக்கம். பொறியியலுக்கும் கலைக் கல்லூரிக்கும் இரண்டு விண்ணப்பமும் போடுங்கள். ஒன்று போட்டால் இன்னொன்று போடக்கூடாது என்று சிலர் சொல்வது வெறும் வதந்தி.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். இடையில் ஒரு வருஷம் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தத் தகுதி போய்விடும். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை அங்கே படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

எங்கள் வீடு நாகூரில். மகன் காரைக்காலில் பள்ளி படிக்கிறான். அவன் எந்த மாநிலத்துக் கணக்கில் வருவான்?
ஒரு தாய், நாகூர்

வாஞ்சூர் எல்லையைத் தாண்டினாலே விதிகள் மாறுவதால் இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை வேறு.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. உங்கள் மகன் வெளியே படிப்பதால் இ-சேவை மையம் வழியாகத் தாசில்தார் தரும் இருப்பிடச் சான்று கட்டாயம். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள், இப்போதே வாங்குங்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு அவனுக்குக் கிடையாது.

என்.ஐ.டி.க்கு வழக்கு தலைகீழ். ஜே.இ.இ. மெயின் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாகப் போகும்போது வீடு எங்கே என்று பார்ப்பதில்லை, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எந்த மாநிலத்தில் எழுதினான் என்றே பார்க்கிறார்கள். காரைக்காலில் எழுதினால் அவனுக்குப் 'சொந்த மாநில' இடங்கள் காரைக்காலில் இருக்கும் என்.ஐ.டி.யில். திருச்சி என்.ஐ.டி.யில் அவன் வெளிமாநிலத்தான். எது லாபம் என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே யோசிக்க வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி செமஸ்டர். கம்ப்யூட்டர் தாள்கள் எல்லாம் பாஸ். சுற்றுச்சூழல் கல்வி மட்டும் அரியர். மேஜர் முடிந்துவிட்டதால் பட்டம் தருவார்கள் என்கிறார்கள் நண்பர்கள்.
மாணவர், மன்னார்குடி

தரமாட்டார்கள். இந்தக் கேள்விதான் ஒவ்வொரு வருஷமும் அதிகம் வருகிறது.

உங்கள் பட்டம் ஐந்து பாகமாகக் கட்டப்பட்டது. முதல் பாகம் தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதில்தான் நீங்கள் மேஜர் என்று சொல்லும் கோர், அலைடு, எலெக்டிவ், லேப் எல்லாம். நான்காவதில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் தாள்கள், வேறு துறைப் பாடம். ஐந்தாவதில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பாலினக் கல்வியும் இங்கேதான் வரும். ஒவ்வொரு தாளுக்கும் தரும் மதிப்புப் புள்ளிதான் கிரெடிட், எல்லாம் சேர்ந்து 140. 139 வைத்திருப்பவருக்கும் 40 வைத்திருப்பவருக்கும் பட்டமளிப்பு அன்று ஒரே நிலைதான். அதிலும் சுற்றுச்சூழல் கல்வி கல்லூரி தன் விருப்பத்துக்கு வைத்த தாள் அல்ல. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் எல்லா இளநிலைப் படிப்பிலும் கட்டாயமானது.

இன்னொரு பொறி மார்க் கணக்கில் இருக்கிறது. தேர்வுத் தாள் பொதுவாகக் கல்லூரி போடும் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வான எக்ஸ்டர்னல் 75. மொத்தம் 40 எடுத்தால் பாஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்டர்னலில் 22, எழுத்தில் 28, கூட்டினால் 50. இருந்தும் ஃபெயில். 75க்கு 40 சதவீதம் 30 என்பதால் எழுத்தில் தனியாக 30 எடுக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த எண்கள் வேறாக இருக்கலாம். நீங்கள் சேர்ந்த வருஷத்தின் விதிமுறைப் புத்தகமே உங்களுக்குச் செல்லும், ஜூனியருடையது அல்ல.

ஐந்தாம் பாகத்தையும் இன்றே துறையில் கேட்டுப் பாருங்கள். முகாமுக்குப் போனவரின் பெயர் பதிவேட்டில் ஏறாமல் விட்டுப்போய், கடைசி மார்க் ஷீட்டில் அந்த ஒரு கிரெடிட் காலியாக நிற்பது உண்டு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதும் எண்ணம் இருந்தால் இது இன்னும் அவசரம். அறிவிப்பு வந்த நாளில் பட்டத் தகுதி கையில் இருக்க வேண்டும், தேர்வு நாளில் அல்ல.

தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடைக்கு வீட்டில் நான்தான் ஆள். எத்தனை நாள் லீவு போடலாம்?
மாணவர், திருத்துறைப்பூண்டி

செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும். ஆக 22 நாள்தான் கையிருப்பு. காய்ச்சல், கல்யாணம், பேருந்து வராத நாள் எல்லாம் இதற்குள். அறுவடைக்கு 10 நாளுக்கு மேல் ஒதுக்காதீர்கள்.

பல கல்லூரிகளில் முதல் மணி நேரம் தவறினால் அரைநாள் போய்விடும். தினமும் ஒரே தாமதப் பேருந்தில் வருபவர்களுக்கு வருகைப்பதிவு கரைவது இப்படித்தான், லீவே போடாமல். 75க்குச் சற்றுக் கீழே போனால் அபராதம் கட்டித் தேர்வு எழுத விடுவார்கள். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் எழுத முடியாது. மிகக் குறைந்தால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். லேப் இருக்கும் கிழமைகளில் மட்டும் வயலுக்குப் போகாதீர்கள். தியரியை நோட்டு வாங்கிப் படிக்கலாம், லேப் ரெக்கார்டில் கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகலுக்கு உள்ளேயே விடமாட்டார்கள்.

தமிழ் மீடியம். பைதான் லேபில் இரண்டு எண்ணைக் கூட்டும் புரோகிராம்கூடத் தப்பாக வருகிறது. இந்தப் படிப்பு எனக்கு வருமா?
மாணவி, வலங்கைமான்

10, 20 கொடுத்தால் 1020 என்று வருகிறதா? அப்படியானால் உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. 'இன்புட்' என்ற கட்டளை, நீங்கள் தட்டுவதை எழுத்துச் சரமாகவே வாங்கும். இரண்டு சரத்தைக் கூட்டச் சொன்னால் பைதான் ஒட்டிவைக்கும். இரண்டு 'இன்புட்'டையும் 'இன்ட்' என்ற கட்டளையின் அடைப்புக்குள் போடுங்கள், 30 வரும். ஆங்கில மீடியத்தில் வந்தவர்களும் முதல் வாரம் இதே 1020-ஐத்தான் பார்க்கிறார்கள்.

திரையில் வரும் பிழைச் செய்தியில் கடைசி வரியை முதலில் படியுங்கள், அதில் பிழையின் பெயர் இருக்கும். அதற்கு மேலே வரி எண் இருக்கும். திரும்பத் திரும்ப வருபவை பத்துப் பதினைந்து பெயர்கள்தான். ஒவ்வொன்றும் எதனால் வந்தது என்று நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்பதும் பெரும்பாலும் அதையே.

பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவன். நேரடியாக இரண்டாம் வருஷம் பி.இ.யில் சேரலாமா?
வாசகர், திருவாரூர்

சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் இதே வழியில் வரலாம். சிரமம் மூன்றாம் செமஸ்டரில் தெரியும். நேரே பிளஸ் டூவிலிருந்து வந்தவர்கள் முதல் வருஷத்திலேயே இரண்டு கணிதத் தாள் முடித்திருப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி பாஸ் மார்க்கும் 50, எழுத்துத் தேர்வில் தனியாக 45 சதவீதம். டிப்ளமோ பழக்கத்தில் 40 போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதல் வருஷமே லேப்டாப் வாங்க வேண்டுமா?
ஒரு தந்தை, பேராவூரணி

வேண்டாம். முதல் இரண்டு செமஸ்டருக்குக் கல்லூரி லேப் போதும். வாங்கும்போது 8 ஜி.பி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு கொட்டாதீர்கள்.