டி1000 என்றதும் விழுந்துவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 46 வயது, எடை 82 கிலோ. ஞாயிறு காலையில் ஈசிஆரில் 60 கிலோமீட்டர் ஓட்டுவேன். என் அலுமினிய சைக்கிளின் பாகங்களைக் கழற்றி ஒரு கார்பன் ஃப்ரேமில் மாட்ட ஆசை. தெரிந்தவர் ஒருவர் சீனாவிலிருந்து 45 ஆயிரத்துக்கு வரவழைத்துத் தருகிறாராம். ‘டி1000 கார்பன், பெரிய கம்பெனி மோல்டு, யுசிஐ ஸ்டிக்கரும் உண்டு’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஃப்ரேம் வாங்கலாம். இவரிடம் வேண்டாம்.

டி700, டி800, டி1000 எல்லாம் ஜப்பானின் டோரே நிறுவனம் தன் கார்பன் இழைக்கு வைத்த எண்கள். ஃப்ரேம் முழுக்க டி1000-ஆல் செய்வதில்லை. எங்கோ நாலு துண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெட்டிப் பார்க்கவா முடியும்? நல்ல டி700-ஐ ஒழுங்காக அடுக்கினாலே உங்கள் எடைக்குப் போதும். மோல்டு கதை இன்னும் மோசம். ஒரே இட்லித் தட்டில் ஊற்றினால் ஒரே மாவாகிவிடுமா? வெளி வடிவம்தான் மோல்டு தருவது. பலம் உள்ளே எந்தத் துண்டை எந்தக் கோணத்தில் ஒட்டினார்கள் என்பதில் இருக்கிறது. யுசிஐ என்பது உலக சைக்கிள் பந்தய அமைப்பு. அதன் ஸ்டிக்கர் பந்தய விதிக்கு வடிவமும் அளவும் பொருந்துகிறதா என்பதற்கு. உங்கள் கழுத்துக்கு அது காப்பீடு அல்ல.

கேட்க வேண்டியது ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேச சைக்கிள் பாதுகாப்புத் தரத்தின்படி செய்த சோதனை அறிக்கை. மிதிப்பதுபோல 1 லட்சம் முறை அழுத்திப் பார்க்கும் சோதனை அதில் உண்டு. நீங்கள் வாங்கும் அதே மாடலின் பெயர் அதில் இருக்க வேண்டும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கும் சேர்த்து. வேறு மாடலின் தாளை அனுப்பி ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

‘பில்லில் விலையைக் குறைத்துப் போடுகிறேன்’ என்பார்கள். அது சட்டப்படி குற்றம். பார்சல் உங்கள் பெயரில்தான் வரும். வழியில் உடைந்தால் அந்தக் குறைந்த தொகைக்குமேல் கேட்கவும் முடியாது. நம் சுங்கமோ கப்பல் கூலியையும் விலையோடு சேர்த்து வரி போடும். விலையைத் துருவித் துருவிக் கேட்பார்கள். ஃபோர்க் முறியுமா என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெட்டி வந்ததும் கொத்தனார்போல நூல் பிடியுங்கள். பின்சக்கரம் மாட்டும் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்னே ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் டியூபைச் சுற்றி, மறு முனைக்குக் கொண்டு வாருங்கள். நூலுக்கும் சீட்டுக்குக் கீழே இறங்கும் சீட் டியூபுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் நூலாலும் வரும். மூன்று என்றால் திருப்பி அனுப்புங்கள். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் மரை உள்ளதாகவே வாங்குங்கள். அழுத்திப் பொருத்தும் வகையில் ஓட்டையின் அளவு கொஞ்சம் பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிறீச் கிறீச்தான்.

கார்பன் துருப்பிடிக்காது என்பார்கள். சரிதான், ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. சீட்டைத் தாங்கும் பழைய அலுமினியக் குழாயை, அதாவது சீட் போஸ்ட்டைத்தானே இதிலும் செருகப் போகிறீர்கள்? கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம், உப்பு ஈரம் பட்டால் அரிக்கும். அரித்த தூள் உப்பி, போஸ்ட் உள்ளேயே இறுகிவிடும். உங்களுக்கு வியர்வையும் உண்டு, கடல் காற்றும் உண்டு. நண்பர் ஒருவர் இரண்டு வருடம் கழற்றாமல் ஓட்டினார். கடைசியில் போஸ்ட்டை ரம்பத்தால் அறுத்து, உள்ளே மாட்டிய துண்டைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. கிரீஸ் வேண்டாம், வழுக்கும். வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட் தடவி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள். கார்பன் போஸ்ட்டே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. போல்ட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், ஃப்ரேமில் போட்டிருக்கும் எண்ணுக்கு மேல் போகாமல் முறுக்குங்கள்.

உங்கள் சைக்கிள் ரிம் பிரேக்கா டிஸ்க்கா என்று எழுதவில்லை. ரிம் என்றால் இப்போது வரும் டிஸ்க் ஃப்ரேம்களில் உங்கள் சக்கரமும் ஏறாது, பிரேக்கும் ஏறாது. 45 ஆயிரம் கணக்கு அங்கேயே உடைந்தது.

அப்புறம், பின் கியர் மாற்றியை ஃப்ரேமில் மாட்டும் துண்டான டிரெய்லியர் ஹேங்கர் இரண்டு கூடுதலாக இதே ஆர்டரில் கேளுங்கள். சைக்கிள் சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான், உள்ளூர்க் கடையில் உங்கள் மாடலுக்குக் கிடைக்காது. அந்தத் துக்கடா அலுமினியத் துண்டுக்காகத் திரும்பவும் சுங்கத்தில் போய் நிற்காதீர்கள்.