பிராக்கின் இரவுகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் நவம்பரில் அலுவலக வேலையாக பிராக் நகருக்குப் போகிறேன். பகலெல்லாம் கூட்டங்கள். நான்கு இரவுகள் மட்டுமே என் கையில். நண்பர்கள் ‘பீர் தண்ணீர் விலை, விடிய விடிய சுற்றலாம்’ என்கிறார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. நாடகங்கள் நிறைய நடக்கின்றன போலிருக்கிறது. ஆனால் செக் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் போய் உட்கார்வது வீண் அல்லவா? இரவில் எங்கே போகலாம்? தனியாகச் சுற்றுவது பாதுகாப்பா? நீங்கள் அங்கே போயிருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதுகாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நெரிசலான டிராமில் பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் பணம் மாற்றித் தருகிறேன் என்று வருபவனிடம் நிற்காதீர்கள். 91 முதல் 99 வரை எண்ணிட்ட இரவு டிராம்கள் எல்லாம் லாசார்ஸ்கா என்ற நிறுத்தத்தில் வந்து கூடும். வழி தவறினால் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் இருக்கும் சதுக்கத்தையும் சார்லஸ் பாலத்தையும் பதினொரு மணிக்கு மேல் பாருங்கள். பகலில் தலைகள்தான் தெரியும்.

குடிப்பதில்லை என்பதை ஏன் ஒரு குறைபோல எழுதுகிறீர்கள்? பீர்க்கடைக்குத் தாராளமாகப் போகலாம். கோஃபோலா என்று அவர்களுடைய கறுப்புக் குளிர்பானம் ஒன்று கிடைக்கும். கடை கடையாகக் குடித்துக்கொண்டே போகும் சுற்றுலாக் கூட்டத்தோடு மட்டும் சேராதீர்கள். ஊர்க்காரர்கள் தூங்க முடியாமல் போய், இரவு பத்து முதல் காலை ஆறு வரை அப்படி ஆள் சேர்த்துக் கூட்டிப்போவதையே 2024-இல் மாநகராட்சி தடை செய்துவிட்டது. உங்கள் நண்பர்கள் சொன்ன ‘விடிய விடிய’ இதுதான் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

‘வீண்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லில்தான் நின்றுவிட்டேன். போன மாதம் எனக்கு வேண்டியவர்கள் நடத்திய ஒரு சிறு நாடகக்குழு கலைந்தது. ஒரு ஊருக்கு நாடகம் எதற்கு என்ற கேள்வி அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு நான் அறிந்த சிறந்த பதில் பிராக்தான். அந்த ஊருக்கே போகும் நீங்கள் நாடகத்தை வீண் என்கிறீர்கள்.

செக் நாட்டின் தேசிய கீதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1834 டிசம்பரில் ஸ்டவோவ்ஸ்கே அரங்கில் மேடையேறிய ஒரு நகைச்சுவை நாடகத்திலிருந்து. மொசார்ட் தன் ஓபரா ஒன்றைத் தானே நடத்தி அரங்கேற்றிய அதே கூடம் அது. கண் தெரியாத ஒரு பிடில்காரன் பாடும் பாட்டு. ‘எங்கே என் வீடு’ என்று கேட்கும் பாட்டு. நாடகம் ஓடவில்லை, பாட்டு ஜனங்களோடு போய்விட்டது. வியன்னாவிலிருந்து ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த காலம் அது. சொந்த நாடு கைக்கு வர இன்னும் எண்பத்து நான்கு வருடங்கள் இருந்தன.

வல்டாவா நதிக்கரையில் பொன்கூரை வைத்த தேசிய அரங்கு இருக்கிறதே, 1881-இல் திறந்து இரண்டே மாதத்தில் தீப்பிடித்து எரிந்தது. அதை மறுபடி கட்ட நாற்பத்தேழு நாட்களில் அன்றைய நாணயத்தில் பத்து லட்சம் கில்டர் நன்கொடை சேர்ந்தது. 1883 நவம்பர் 18 அன்று மறுபடி திறந்தார்கள். மேடைக்கு மேலே ‘நாடு தனக்கே’ என்று பொறித்திருக்கும். தங்களுக்கு ஒரு பாராளுமன்றம் கட்டிக்கொள்ள முடியாத மக்கள் நாடகசாலை கட்டிக்கொண்டார்கள்.

நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் வசதியான வீட்டுப் பிள்ளை என்பதாலேயே கம்யூனிஸ்ட் அரசு அவரை விரும்பிய படிப்பைப் படிக்க விடவில்லை. 1960-இல் நா ஸாப்ரட்லி என்ற சின்ன அரங்கில் மேடைத் தொழிலாளியாகச் சேர்ந்தார். நாற்காலி தூக்கி வைக்கும் வேலை. மூன்று வருடத்தில் அவருடைய நாடகமே அந்த மேடையில் ஏறியது. பிறகு தடை, சிறை. 1989 நவம்பர் 17 அன்று நாரோட்னி தெருவில் ஊர்வலம் வந்த மாணவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. மறுநாளே நாடகக்காரர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு முன்னால் திரை விலகியது. நடிகர்கள் சொந்த உடையில் நின்று அறிக்கை வாசித்தார்கள். அதற்கடுத்த இரவு அரசை எதிர்த்தவர்களெல்லாம் கூடி ‘குடிமக்கள் மன்றம்’ அமைத்ததும் ஒரு நாடக அரங்கில்தான். கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்தது. டிசம்பர் 29 அன்று ஹாவெல் குடியரசுத் தலைவர்.

இப்படிப்பட்ட ஊரில் நான்கு இரவுகள் உங்களுக்கு. மொழி புரியாதாம்! அந்த பிராக்கில் பிறந்த கமில் சுவலபில், தமிழ் பேச ஆளில்லாத ஊரில் உட்கார்ந்து தமிழ் படித்தார், சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1968-இல் சோவியத் டாங்கிகள் வந்தபின் நாட்டையே விட்டுப் போக நேர்ந்தது. நம் மொழிக்காக அவர் தந்தது ஒரு ஆயுள். அவர் மொழிக்கு உங்களால் இரண்டு மணி நேரம் தர முடியாதா? கோபமாகத்தான் சொல்கிறேன்.

நான் போனது ஒரு சிறிய அரங்குக்கு, எண்பது பேர் உட்காரலாம். அங்கெல்லாம் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாங்கிவைக்கும் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். என் கோட்டின் கழுத்துப் பக்கம் மாட்டும் வளையம் அறுந்திருந்தது. அதை விரலால் தூக்கிக் காட்டி ஏதோ திட்டினார். நான் விழித்தேன். தன் ரவிக்கையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி வளையத்தைச் சேர்த்துக் குத்தி, ஆணியில் மாட்டி, எண் பொறித்த வில்லையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

நாடகத்தில் மூன்றே பேர். ஒரு சொல் புரியவில்லை. ஆனால் அண்ணன் தம்பிக்கிடையே பணத்தகராறு என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஒரு இடத்தில் தம்பி பேச வாயெடுத்து, பேசாமல் ரொட்டியை நறுக்கத் தொடங்கினான். கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும். என் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் முழங்காலை இறுகப் பிடித்திருந்தார், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. மேடை புரியாவிட்டால் போகட்டும் ஆர்., பார்ப்பவர்களைப் பாருங்கள்.

தேசிய அரங்கில் பல நிகழ்ச்சிகளுக்கு ஆங்கில வரிகள் மேலே ஓடும். அது ஒரு இரவுக்கு. இன்னொரு இரவு, வரிகள் ஓடாத சின்ன அரங்கு ஏதாவது ஒன்றுக்குப் போங்கள். மற்ற இரண்டு இரவுகளை உங்கள் விருப்பப்படி கழியுங்கள். 17-ஆம் தேதி அங்கே இருக்க நேர்ந்தால், நாரோட்னி தெருவின் வளைவுக்கடியில் வெண்கலக் கைகள் பதித்த இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நீங்களும் ஒன்று ஏற்றுங்கள்.

நவம்பர் என்றால் குளிர் நன்றாகவே இருக்கும், கனமான கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும் வளையம் உறுதியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். அறுந்திருந்தால் தைத்துக்கொண்டு போங்கள்.